எல்லா இடத்துக்கும் 4007 அல்ல

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. லேத்தும் பிரஸ்ஸும் சிஎன்சியும் கனமான இரும்பு. சேற்றைக் கழுவி எண்ணெய் போட்டால் மீண்டும் ஓடும். நனைந்த மோட்டாரைக் கழற்றி, காயவைத்து, வார்னிஷ் போட்டு மீட்கலாம். ஆனால் அவற்றை ஆட்டுவிக்கும் கன்ட்ரோல் பலகைகள் அப்படிப்பட்டவை அல்ல. காய்வதற்குள் சுவிட்ச் போட்டுவிட்டால், ஈரமும் மண்ணும் படிந்த பாதை வழியே மின்சாரம் தாவிவிடும். அப்படிச் செத்த பலகையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பவர் சப்ளை. அங்கே பெரும்பாலும் செத்துக் கிடப்பது டையோடு.

ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. செத்ததன் மேல் எழுதியிருந்த எண் கருகிப் போயிருக்கும். மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போக நேரமில்லை. பக்கத்துக் கடையில் கேட்டால் வரும் பதில், “4007 போட்டுடுங்க.” 1என்4007 என்பது அதன் முழுப்பெயர். இந்தியாவில் எந்த மின்னணுக் கடையின் டப்பாவிலும் அது இருக்கும். சில இடங்களில் அந்தப் பதில் முற்றிலும் சரி. சில இடங்களில் பத்து நிமிடத்துக்குள் புகை வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டைப் பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கருகிய எண் போனால் போகட்டும். அந்த இடம் டையோடிடம் என்ன வேலை வாங்குகிறது என்று படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வோல்டேஜ். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஏசி அலையின் பயனுறு மதிப்பு. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். நான்கு டையோடு சேர்ந்த பிரிட்ஜில், அடைத்து நிற்கும் டையோடு ஒவ்வொன்றும் இந்த 325ஐத் தாங்க வேண்டும். ஒரே டையோடு வைத்த அரை அலைச் சுற்றில் கணக்கு இரட்டிப்பாகிறது. கெபாசிட்டர் 325 வோல்ட்டில் நிரம்பி நிற்கும்போது மறுபாதி அலை எதிர்ப்பக்கம் 325க்கு இறங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட டையோடின் மேல் விழுவது 650. ‘230 வோல்ட் லைன்தானே’ என்று அங்கே 400 வோல்ட் தாங்கும் 1என்4004ஐ வைத்தால் அது உடையலாம்.

அதற்கும் மேலே, ‘நியூட்ரல் போச்சு’ என்று நம் ஊரில் சொல்லும் விபத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி கழன்றால், லோடு குறைவாக உள்ள பேஸில் இருக்கும் கருவிகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறலாம். உச்சி 565 வோல்ட். பிரிட்ஜில் 600 வோல்ட் தாங்கும் 4005 விளிம்பில் நிற்கும். 1000 வோல்ட் தாங்கும் 4007 அந்த வோல்டேஜில் பிழைக்கும். ஆனால் பெரும்பாலும் 400 வோல்ட் கெபாசிட்டர்தான் முதலில் வெடிக்கும். அது ஷார்ட் ஆனபின் அந்த மின்னோட்டத்தில் டையோடும் சாகும். ஆகவே 4001 முதல் 4007 வரையிலான குடும்பத்தில், விலையில் பெரிய வித்தியாசமில்லாதபோது, ஏசி லைன் பக்கம் எப்போதும் 4007ஐ எடுப்பதே நியாயம். கடைக்காரர் சொன்ன பதில் சரியாகும் இடம் இது.

டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இவ்வளவு கடுமை இல்லை. 12-0-12 டிரான்ஸ்பார்மரில் உச்சி 17 வோல்ட், டையோடு தாங்க வேண்டியது 34. எதைப் போட்டாலும் போதும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஆம்பியர் என்பது.

மின்னோட்டக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். லோடு 1 ஆம்பியர் என்றால் பிரிட்ஜின் ஒவ்வொரு டையோடு வழியும் சராசரியாக அரை ஆம்பியர்தான் போகிறது, உண்மை. ஆனால் கெபாசிட்டர் இருக்கும் சுற்றில் டையோடு அலை முழுக்கத் திறந்திருப்பதில்லை. அலையின் உச்சியில், சில மில்லிசெகண்டுக்கு மட்டும் திறந்து, அந்தச் சின்ன இடைவெளியில் முழுச் சார்ஜையும் தள்ளுகிறது. அந்த நேரத்து உச்ச மின்னோட்டம் சராசரியைவிடப் பல மடங்கு. சுவிட்ச் போடும் முதல் கணம் இன்னும் மோசம். காலியான கெபாசிட்டர் அப்போது ஷார்ட் போலவே நடந்துகொள்ளும்.

4007இன் டேட்டாஷீட்டில் இதற்கென்று ஓர் எண் உண்டு: 30 ஆம்பியர், 8.3 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவில் அரை அலையின் நீளம் 8.3 மில்லிசெகண்ட் என்பதால் அந்தக் கணக்கு. நம் 50 ஹெர்ட்ஸில் அரை அலை 10 மில்லிசெகண்ட், ஆகவே தாங்கும் அளவு இன்னும் சற்றுக் குறைவு. சின்ன அடாப்டர்களில் பச்சை அல்லது கறுப்பு வட்டு போல ஒரு பாகம் லைனில் தொடராக நிற்கும். அது என்டிசி, சூடேற ஏறத் தடை குறையும் பாகம். குளிர்ந்த நிலையில் 10 ஓம் இருந்தால், 325 வோல்ட் உச்சியில் சுவிட்ச் போட்டாலும் மின்னோட்டம் 33 ஆம்பியருக்கு மேல் போகாது. 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோடு சேர்த்தால் அந்த அடி ஒரு மில்லிசெகண்ட் அளவில் ஓய்ந்துவிடும். டையோடு தப்பிக்கும். அந்த என்டிசி வெடித்த பலகையில், ‘ஓடினால் போதும்’ என்று அந்த இடத்தில் ஒரு கம்பியை ஜம்பர் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த நாளிலிருந்து ஒவ்வொரு சுவிட்ச் போடுதலும் டையோடின் மேல் நடத்தும் சோதனை. கரண்ட் போய் இரண்டு வினாடியில் திரும்பி வருவதும் ஆபத்தானது. என்டிசி சூடாக, தடை ஏறக்குறைய இல்லாமல் இருக்கிறது. கெபாசிட்டரோ காலியாகிவிட்டது. கோடை மழைக்கு முன் காற்றடிக்கும் மாலைகளில் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும்போது டிவியும் ரவுட்டர் அடாப்டரும் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம் பற்றிச் சுருக்கமாக. சிலிக்கான் டையோடு திறந்திருக்கும்போது அதன் குறுக்கே 0.7 முதல் 1.1 வோல்ட் வரை விழும். அதை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது வெப்பம். இயந்திரங்களின் 24 வோல்ட் சப்ளையில் வரும் சதுரமான கேபிபிசி3510 பிரிட்ஜ், பெயரில் 35 ஆம்பியர், 1000 வோல்ட். ஒரே நேரத்தில் இரண்டு டையோடு வேலை செய்வதால் 10 ஆம்பியரிலேயே ஏறக்குறைய 20 வாட் வெப்பம் கிளம்பும். அந்த 35 ஆம்பியர் என்பது ஹீட்சிங்கில் பேஸ்ட் தடவி இறுக்கி, பிரிட்ஜின் உடலைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் மட்டும் கிடைக்கும் எண். பெட்டிக்குள் கம்பியில் தொங்கவிட்டால் கிடைக்காது. சின்ன டையோடுக்கு அதன் இரண்டு கம்பிகளே ஹீட்சிங்க். அதனால்தான் நல்ல பலகைகளில் பவர் டையோடைத் தரையோடு அழுத்தாமல் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள். மாற்றும்போதும் அந்த உயரத்தை அப்படியே வையுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ‘பெரிசா போட்டா தப்பில்ல’ என்ற பட்டறை விதி பொருந்தும். 3 ஆம்பியருக்குப் பதில் 6, 400 வோல்ட்டுக்குப் பதில் 1000. அந்த விதி உடையும் இடம் வேகம்.

இன்றைய சார்ஜர், அடாப்டர், எல்இடி டிரைவர், கம்ப்யூட்டர் சப்ளை எல்லாம் எஸ்எம்பிஎஸ். லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸை முதலில் டிசியாக்கி, பிறகு வினாடிக்கு 65,000 அல்லது 1,00,000 தடவை சுவிட்ச் செய்து, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்புகின்றன. அந்த டிரான்ஸ்பார்மருக்கு அப்பால், வெளியே போகும் 5 அல்லது 12 வோல்ட் பக்கம், இன்னொரு டையோடு நிற்கிறது. லைன் பக்க டையோடும் இதுவும் பார்வைக்கு ஒரே மாதிரி கறுப்பு உருளைதான். வேலையோ வானமும் பூமியும்.

சிலிக்கான் டையோடு திறந்திருக்கும்போது அதன் சந்திப்பின் இரு பக்கமும் எலக்ட்ரான்களும் துளைகளும் நிரம்பி நிற்கின்றன. வோல்டேஜ் திடீரென்று திசை மாறினால், அவை அத்தனையும் வெளியேறும் வரை அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து அழியும் வரை டையோடு மூடாது. அந்த நேரம் முழுக்க மின்சாரம் தவறான திசையில் பாயும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மெதுவாக மூடினால், மூடி முடிவதற்குள் கொஞ்சம் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் ஓடிவிடுவதுபோல. 4007க்கு இந்த மீள்நேரம் இரண்டு மைக்ரோசெகண்ட் அளவு, சில தயாரிப்புகளில் இன்னும் கூடுதல். பல டேட்டாஷீட்டுகள் அந்த எண்ணைக் குறிப்பிடுவதுகூட இல்லை, ஏனென்றால் 50 ஹெர்ட்ஸில் அது பொருட்டே அல்ல. ஓர் அலைக்கு 20,000 மைக்ரோசெகண்ட் இருக்க, இரண்டு போனால் என்ன? 65 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு மொத்தமே 15 மைக்ரோசெகண்ட். அதில் இரண்டு மூன்று பின்னோக்கி ஓடினால், வினாடிக்கு 65,000 தடவை அந்த விரயம் டையோடுக்குள் வெப்பமாகச் சேரும். ஈயம் உருகி டையோடு தானே கழன்று விழும் அளவுக்குச் சூடேறும்.

வேகமான டையோடு செய்ய, சிலிக்கானுக்குள் தங்கம் அல்லது பிளாட்டினம் அணுக்களை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள், அல்லது எலக்ட்ரான் கதிர்களால் தாக்குகிறார்கள். எலக்ட்ரானும் துளையும் சந்தித்து அழிய வசதியான இடங்கள் அதனால் உண்டாகின்றன. எஃப்ஆர்107 மீள்வதற்கு 500 நானோசெகண்ட், யுஎஃப்4007க்கு 75 நானோசெகண்ட். இதற்கு ஒரு விலை உண்டு. யுஎஃப்4007 திறந்திருக்கும்போது 1.7 வோல்ட் வரை விழலாம், ஆகவே அது கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். எனவே 4007 இருந்த இடத்தில் யுஎஃப்4007ஐப் பெரும்பாலும் போடலாம். யுஎஃப் இருந்த இடத்தில் 4007ஐப் போடக் கூடாது.

குறைந்த வோல்டேஜ் வெளியீட்டில் இன்னொரு வகை ஆட்சி செய்கிறது: ஷாட்கி. இரண்டு வகை சிலிக்கான் சந்திப்புக்குப் பதில், ஓர் உலோகம் நேரடியாகச் சிலிக்கானைத் தொடுகிறது. உலோகமும் படிகமும் தொடும் இடத்தில் மின்சாரம் ஒருதிசையில் எளிதாகப் போவதை 1874இல் ஜெர்மானியர் பெர்டினாண்ட் பிரவுன் கவனித்தார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தை ரேடியோ அலைகளைக் கண்டறியப் பயன்படுத்தினார். அந்தக் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அது ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு வால்டர் ஷாட்கி 1938இல் கோட்பாடு தந்தார். இன்று பல செல்போன் சார்ஜர்களுக்குள் இருக்கும் டையோடு அந்தப் பரம்பரையில் வந்தது. அதில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள் மட்டுமே, தேங்கி நிற்கும் துளைகள் இல்லை. அதனால் மீள்நேரம் என்ற சிக்கலே ஏறக்குறைய இல்லை. விழும் வோல்டேஜும் பாதிதான். 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜரில் சாதாரண டையோடு 1.8 வாட்டை வீணாக்கும் இடத்தில் ஷாட்கி 0.9 வாட்டோடு முடித்துவிடும்.

ஆனால் ஷாட்கி எதிர்த்திசை வோல்டேஜை அதிகம் தாங்காது. 1என்5822 வெறும் 40 வோல்ட். 12 வோல்ட் அடாப்டர் ஒன்றில் வெளியீட்டு டையோடு செத்தால், ‘வெளியே 12தானே, 40 தாராளம்’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபெரைட் டிரான்ஸ்பார்மரின் முதல் சுருள் இரண்டாவதைப் போல ஆறு மடங்கு சுற்று என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுவிட்ச் ஆன் ஆகும் கணத்தில் 325ஐ ஆறால் வகுத்த 54 வோல்ட், எதிர்த்திசையில் டையோடின் மேல் வரும். அதோடு வெளியீட்டில் நிற்கும் 12ஐச் சேர்த்தால் 66. சுருளின் கசிவுத் தூண்டலால் வரும் துடிப்புகள் அதற்கு மேலே. ஆகவே அங்கே குறைந்தது 100 வோல்ட் வேண்டும்: எம்பிஆர்20100, எஸ்ஆர்5100 போன்றவை. அவற்றிலும் மின்னோட்டத்தைப் பார்த்து எடுங்கள். இன்னொன்று: ஷாட்கி சூடேறினால் எதிர்த்திசைக் கசிவு வேகமாகக் கூடும், கசிவு மேலும் சூடேற்றும். காற்றோட்டமில்லாத பெட்டியில் இது தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஒரு நாள் ஷார்ட்டில் முடியும். 48 வோல்ட் வெளியீட்டுக்கு ஷாட்கியைவிட எம்யுஆர்460 போன்ற 600 வோல்ட் வேக டையோடு பாதுகாப்பு.

இவ்வளவு சொன்னபின் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். முதல் சுருளின் குறுக்கே வரும் துடிப்பை அடக்கும் கிளாம்ப் சுற்றில், சில வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே மெதுவான, கண்ணாடிப் பூச்சுள்ள 4007ஐ ஒரு ரெசிஸ்டரோடு தொடராக வைக்கிறார்கள். மெதுவாக மூடுவதால் சுற்றின் துடிப்பு அடங்கி ரேடியோ இரைச்சல் குறைகிறது. ஆகவே ‘எஸ்எம்பிஎஸ் என்றால் வேகமான டையோடுதான்’ என்ற விதியும் முழு உண்மை அல்ல.

இரண்டு 4007ஐ இணையாகச் சேர்த்து 2 ஆம்பியர் என்று கணக்கிடுவதைப் பல பலகைகளில் பார்க்கலாம். அது வேலைக்கு ஆகாது. டையோடு சூடேற ஏற அதன் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் அளவில் குறைகிறது. சற்றுச் சூடானது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், இழுப்பதால் இன்னும் சூடேறும். கடைசியில் ஒன்றே முழுச் சுமையையும் சுமந்து சாகும். 2 ஆம்பியர் வேண்டுமென்றால் 3 ஆம்பியரின் 1என்5408 வாங்குவதே வழி.

வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. பெரிய எண் அச்சிட்ட உடலுக்குள் சின்னச் சில்லு வைத்து விற்பது நடக்கிறது. 5408இன் கம்பி ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டினால் கம்பி செம்பு அல்ல, இரும்பு. வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைவு. மல்டிமீட்டரின் டையோடு முனையில் சாதாரணச் சிலிக்கான் 0.5 முதல் 0.6 வரையும், ஷாட்கி 0.2 அளவிலும் காட்டும். கருகிய டையோடின் கூட்டாளி பலகையில் பிழைத்திருந்தால், அதை அளந்தே வகையை ஊகித்துவிடலாம். ஆனால் மீட்டர் அனுப்புவது சில மில்லிஆம்பியருக்கு உள்ளேதான். 1000 வோல்ட் தாங்குமா என்பதை அது சொல்லாது. சந்தேகமான 4007 வழியே பெஞ்ச் சப்ளையிலிருந்து 1 ஆம்பியர் அனுப்பி அதன் குறுக்கே அளந்தால், 1.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

அம்பத்தூர்ப் பக்கத்தில் டையோடு மாற்றுவது அடாப்டரோடு நிற்பதில்லை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை பல பத்தாண்டுகளாக வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர் செய்கிறது. மூன்று பேஸ் ஏசியை பேட்டரிக்கான டிசியாக மாற்ற, வழக்கமான ஆல்டர்னேட்டருக்குள் குறைந்தது ஆறு டையோடுகள், இரண்டு உலோகத் தட்டுகளில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். உடலே பாசிட்டிவாக உள்ளவை ஒரு தட்டில், நெகட்டிவாக உள்ளவை மற்றொன்றில். ஒன்று மட்டும் செத்தால் வண்டி ஓடும், பேட்டரி மட்டும் மெல்ல இறங்கும். மாற்றும்போது ஆம்பியரும் திசையும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனை கழன்றால், 12 வோல்ட் வண்டியில்கூட 100 வோல்ட்டை நெருங்கும் அலை எழும். புதிய ஆல்டர்னேட்டர்களின் டையோடுகள் அந்த அலையைத் தாமே உடைந்து கடத்தி, சேதமில்லாமல் அடக்கும் வகை. அங்கே சாதாரண டையோடை அழுத்தினால் தினமும் நன்றாகவே சார்ஜ் ஏறும். முனை கழலும் அன்று இன்ஜினை ஆட்டுவிக்கும் ஈசியு பலகை போய்விடலாம். வேலை செய்கிறது என்பதும் சரியான மாற்று என்பதும் வேறு வேறு.

புதிய டையோடை வைக்கும் முன், பழையது ஏன் செத்தது என்று பார்க்க வேண்டும். ஃப்யூஸின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் அடி பெரியது. கெபாசிட்டர், மாஸ்ஃபெட், லைனின் குறுக்கே நிற்கும் வேரிஸ்டர் மூன்றையும் அளக்காமல் சோல்டரிங் அயர்னை எடுக்காதீர்கள். தொடும் முன் கெபாசிட்டரை 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியே காலி செய்யுங்கள். 325 வோல்ட்டில் நிற்கும் 100 மைக்ரோஃபாரட் 5 ஜூலுக்கு மேல் ஆற்றலை வைத்திருக்கும், கையை உதறவைக்க அது போதும். வெள்ளத்தில் நனைந்த பலகை என்றால், டையோடின் கம்பி உடலுக்குள் நுழையும் இடத்தில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். மீட்டரில் நல்லதாகக் காட்டினாலும் அதை மாற்றிவிடுங்கள்.

முதல் முறை சுவிட்ச் போடும்போது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வையுங்கள். இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், மின்னோட்டம் 0.26 ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால், பெரிய கெபாசிட்டரின் குறுக்கே டிசி அளந்து, பிறகு பல்பை எடுத்துவிட்டு முழு லோடில் ஓட்டுங்கள். அப்போது மீட்டரை ஏசிக்கு மாற்றி டிசியின் மேல் மிதக்கும் அலையின் ஹெர்ட்ஸைப் பாருங்கள். பிரிட்ஜ் முழுதாக வேலை செய்தால் 100 காட்டும். 50 காட்டினால் நான்கில் ஒன்று மின்சாரத்தைக் கடத்தாமல் கிடக்கிறது, அல்லது நீங்கள் வைத்த புதியதற்குச் சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை.